கம்பெனிக்குச் சொல்லாமல் கடையைக் கை மாற்றினால்?

வாசகர் கேள்வி – பதில்: தொழிலும் சட்டமும்

கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி இருக்கின்றன. பிரான்சைஸ் (ஒரு கம்பெனியின் பிராண்டில் கடை நடத்தும் உரிமை) எடுத்த கடையை, கம்பெனியிடம் கேட்காமல் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் வந்தபின் தவிக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, முழு இடத்தையும் இதற்கே தருகிறோம்.

கேள்வி: ஒரு டீ, ஸ்நாக்ஸ் பிராண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் கடை எடுத்தேன். மூன்று வருடம் இரண்டு மாதம் நடத்தினேன். உடம்புக்கு முடியாமல் போனதால், தெரிந்தவர் ஒருவருக்கு 9 லட்சத்துக்குக் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரியும் போட்டோம். இப்போது, ‘ஒப்பந்தம் ரத்து, டெபாசிட் 3 லட்சம் பறிமுதல், அபராதம் 10 லட்சத்தை 15 நாளில் கட்டவும்’ என்று கம்பெனி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கட்டித்தான் ஆக வேண்டுமா?
– மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ‘அபராதம்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இது அரசு போடுவது அல்ல. மலேசியாவில் 1998 முதல் பிரான்சைஸுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் இல்லை. இங்கே நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும், அதற்கு மேலே 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமும்தான் பேசும்.

அந்தச் சட்டத்தின் 74-வது பிரிவை உங்கள் வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால், கம்பெனிக்குக் கிடைக்கக்கூடியது ‘நியாயமான இழப்பீடு’. எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. அதாவது அந்த மீறலுக்கு 10 லட்சத்துக்கு மேல் கேட்க முடியாது, 10 லட்சமும் தானாக வந்து சேராது. நஷ்டமே ஏற்படாத இடத்தில் இழப்பீடு இல்லை என்று 2015-ல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கே முன்பணப் பறிமுதல் பற்றியது என்பதால், உங்கள் 3 லட்சம் டெபாசிட்டுக்கும் அது பொருந்தும்.

எதிர்த்தரப்பு 2003-ம் ஆண்டு ஓ.என்.ஜி.சி. – சா பைப்ஸ் தீர்ப்பைக் காட்டும். நஷ்டத்தைக் கணக்குப் போட்டு நிரூபிக்க முடியாத இடங்களில், இரு தரப்பும் முன்கூட்டி நேர்மையாக மதிப்பிட்ட தொகையையே தரலாம் என்பது அதன் சாரம். பிராண்டின் பெயர் கெட்டதற்கு என்ன விலை என்று யாராலும் பில் காட்ட முடியாது; அந்த இடத்தில்தான் கம்பெனி கால் ஊன்றும். ஆகவே நோட்டீஸை அலட்சியம் செய்யவும் கூடாது.

எண்ணில் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் விற்பனை விவரம் இல்லை; மாத விற்பனை இரண்டரை லட்சம், ராயல்டி (பிராண்டுக்காகக் கம்பெனிக்குத் தரும் பங்கு) 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கம்பெனிக்கு மாதம் 15,000 ரூபாய். மீதம் 22 மாதம். மொத்தம் 3,30,000. கம்பெனி இழந்ததாகச் சொல்லக்கூடிய வருமானத்தின் மேல் எல்லையே இதுதான். அதிலும், வாங்கியவர் மாதாமாதம் ராயல்டி கட்டியிருந்தால் அந்த மாதங்களுக்கு நஷ்டம் இல்லை. அதே தெருவில் கம்பெனி வேறொருவருக்குக் கடை கொடுத்துவிட்டால் அதன்பின் வரும் மாதங்களும் கழியும். நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள இருந்த வழியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது 73-வது பிரிவின் விளக்கம். மறுபுறம், வாங்கியவர் கம்பெனி மசாலாவுக்குப் பதில் வெளிச் சரக்கு போட்டிருந்தாலோ, வாடிக்கையாளர் புகார் குவிந்திருந்தாலோ தொகை ஏறும். இந்த ஒரு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: கை மாறிய பிறகு கடையில் என்ன நடந்தது என்பதற்கு நீங்கள் பொறுப்பு, அங்கே என்ன நடக்கிறது என்பதோ உங்களுக்குத் தெரியாது.

ஒப்பந்த ரத்து பெரும்பாலும் செல்லும். ஒப்பந்தத்தில் நமக்குச் சேர வேண்டியதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், நம் கடமையை எதிராளியின் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் தலையில் கட்ட முடியாது என்பது 1962-ல் கர்தா கம்பெனி வழக்கிலிருந்தே நிலைத்த சட்டம். பிரான்சைஸ் என்பது ஆளைப் பார்த்துக் கொடுக்கும் உரிமை. உங்கள் நோட்டரி பத்திரம் உங்களையும் வாங்கியவரையும் கட்டும், கம்பெனியைக் கட்டாது.

பதில் நோட்டீஸ் 15 நாளுக்குள் போக வேண்டும். ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, அதே நகலை ஒப்பந்தத்தில் குறித்துள்ள மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்புங்கள். எழுதுவதற்கு முன் ஒப்பந்தத்தில் ‘குறையைச் சரிசெய்யும் அவகாசம்’ இருக்கிறதா பாருங்கள். 15 நாள், 30 நாள் என்று இருக்கும். அந்த அவகாசம் தராமல் நேராக ரத்து செய்திருந்தால் அது உங்கள் வலுவான வாதம். கை மாறிய தேதியிலிருந்து கட்டிய ராயல்டி ரசீதுகள், சரக்கு பில்கள், கம்பெனி ஆய்வாளர் வந்து போன பதிவுகள் எல்லாவற்றையும் இணையுங்கள். புது ஆள் நடத்துவது தெரிந்தே மாதக்கணக்கில் ராயல்டி வாங்கியிருந்தால், உரிமையை விட்டுக்கொடுத்ததாக வாதாடலாம். ஆனால் ‘விட்டுக்கொடுத்ததாகக் கருதக் கூடாது’ என்ற ஷரத்து இப்போதைய ஒப்பந்தங்கள் பலவற்றில் உண்டு. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

‘அவர் என் மேனேஜர்’ என்று பதிலில் எழுதச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். எழுதாதீர்கள். கியூ.ஆர். கோடு யார் கணக்கு, வாடகை யார் கட்டியது, 9 லட்சம் எப்போது வந்தது என்று மூன்று கேள்வியில் அது உடைந்துவிடும். பிறகு உண்மையான வாதங்களும் எடுபடாது. நடந்ததை ஒப்புக்கொண்டு, இப்போதாவது சம்மதம் தரும்படியும், ஒப்பந்தத்தில் சொன்ன மாற்றுக் கட்டணத்தை (கை மாற்றத்துக்குக் கம்பெனி வாங்கும் தொகை) கட்டத் தயார் என்றும் எழுதுங்கள். தனக்குச் சேர வேண்டியதைத் தள்ளுபடி செய்ய 63-வது பிரிவு கம்பெனிக்கு வழி தருகிறது. ஓடுகிற கடையை மூடுவதைவிட, பயிற்சி கொடுத்துப் புது ஆளை ஏற்பதில்தான் கம்பெனிக்கும் லாபம்.

கேள்வி: ஐஸ்கிரீம் பார்லர் ஒன்றை 12 லட்சம் கொடுத்து வாங்கினேன். விற்றவர் ‘கம்பெனியில் பேசிவிட்டேன்’ என்றார். இப்போது கம்பெனி ஆட்கள் வந்து படம் எடுத்து, ‘போர்டை இறக்கு, இல்லாவிட்டால் போலீஸ்’ என்கிறார்கள். தவறு விற்றவருடையது அல்லவா?
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தவறு அவருடையதுதான். ஆனால் போர்டு உங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. உங்களுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லாததால், கம்பெனி உங்கள்மீது வருவது 1999-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் வழியாக. பெயரைப் பயன்படுத்த அனுமதி பெற்று டிரேட்மார்க் பதிவேட்டில் ஏறிய ‘பதிவு செய்த பயனாளருக்கு’க்கூட அந்த உரிமையை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் தரவில்லை என்று 54-வது பிரிவு சொல்கிறது. அனுமதி இல்லாமல் பெயரைப் பயன்படுத்துவது 29-வது பிரிவின் கீழ் மீறல்; 135-வது பிரிவின் கீழ் தடையுத்தரவும், நஷ்டஈடு அல்லது நீங்கள் ஈட்டிய லாபமும் கேட்கலாம். கம்பெனி தன் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 134-வது பிரிவு இடம் தருகிறது.

குற்றவியல் பக்கமும் உண்டு. 103, 104-வது பிரிவுகளில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நிரூபித்தால் தப்பலாம். நோட்டீஸ் கைக்கு வரும்வரை அந்த வாதம் உங்களிடம் வலுவாக இருக்கிறது; வந்த பிறகும் போர்டு தொங்கினால் அது போய்விடும். வாரண்ட் இல்லாமல் சோதனை போட, டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி வேண்டும், டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தையும் முன்பே பெற்றிருக்க வேண்டும். ஆகவே ‘நாளைக்கே போலீஸ்’ என்ற மிரட்டலுக்கு நடுங்க வேண்டாம்.

செய்ய வேண்டியது: இன்றே போர்டை மூடுங்கள். பெயர் அச்சிட்ட கப், டிஷ்யூ, மெனு கார்டு, யூனிஃபார்ம், கூகுள் மேப் பதிவு, ஸ்விகி, ஸொமாட்டோ பக்கம் வரை எல்லாவற்றிலிருந்தும் பெயர் நீங்க வேண்டும். மறப்பது எப்போதும் கூகுள் மேப்பும் பில் தலைப்பும்தான். அகற்றுவதற்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுங்கள். ஃப்ரீசரில் இருக்கும் சரக்கை எண்ணிப் பட்டியல் போட்டு, கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

12 லட்சத்துக்கு விற்றவர்தான் பொறுப்பு. ‘கம்பெனியில் பேசிவிட்டேன்’ என்பது பொய்யாக இருந்தால் ஒப்பந்தச் சட்டம் 19-வது பிரிவில் அந்த விற்பனையை ரத்து செய்து பணம் கேட்கலாம். அவர் அப்படிச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியோ ஆடியோவோ இருந்தால் போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். வழக்குத் தொகை 3 லட்சத்துக்கு மேல் இருப்பதால் இது வணிக நீதிமன்ற வழக்காகப் போக வாய்ப்பு அதிகம். அப்படியானால் அவசரத் தடையுத்தரவு கேட்காத வழக்குகளில் முதலில் சட்டப் பணிகள் ஆணையத்தின் வழியாகச் சமரசத்துக்குப் போயாக வேண்டும். மூன்று வருடத்துக்குள் தொடுக்க வேண்டும்.

கேள்வி: கடை கை மாறி எட்டு மாதம் ஆகிறது. ஜி.எஸ்.டி., உணவு உரிமம், கடை வாடகை எல்லாம் இன்னும் என் பெயரில்தான். கம்பெனிக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று அப்படியே விட்டோம். ஏதாவது சிக்கலா?
– திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கம்பெனி கேட்கக்கூடிய தொகையைவிடப் பெரிய ஆபத்து உங்களுக்கு இங்கேதான் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. எண் பான் எண்ணைச் சார்ந்தது; ஆளோடு போகும், கடையோடு போகாது. தொழில் கை மாறினால், வாங்கியவர் மாறிய தேதியிலிருந்தே புதுப் பதிவு எடுக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் 30 நாளுக்குள் ரெக்-16 படிவத்தில் ரத்து கேட்டிருக்க வேண்டும். ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் ஜி.எஸ்.டி.ஆர்-10. உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) மீதம் இருந்தால் ஐ.டி.சி-02 படிவத்தில் ஆடிட்டர் சான்றோடு மாற்றலாம். 5 சதவீத வரி கட்டும் டீக்கடை, ஹோட்டல்களுக்கு உள்ளீட்டு வரி வரவே கிடையாது என்பதால் அந்த வேலை இல்லை. மாறிய தேதி வரை உள்ள பாக்கிக்கு விற்றவர், வாங்கியவர் இருவரும் சேர்ந்தே பொறுப்பு. இது 85-வது பிரிவு. மாறிய பிறகும் உங்கள் எண்ணில் பில் போனால், துறையின் கண்ணில் அந்த விற்பனை முழுதும் உங்களுடையது. வருமான வரிக் கணக்கிலும் அதுவே வந்து நிற்கும்.

விற்ற தொகைக்கும் வரி வரலாம். ஓடுகிற தொழிலை முழுசாக ஒப்படைத்தால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கம்பெனி சம்மதிக்காமல், மிஷினும் மேசை நாற்காலியும் மட்டும் கை மாறியது என்று ஆகிவிட்டால் அந்த விலக்கைக் காப்பாற்றுவது கஷ்டம்.

உணவு உரிமம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பொருள் அல்ல. வாங்கியவர் புதிதாக எடுக்க வேண்டும். நாளைக்கு ஒரு குழந்தைக்கு வாந்தி பேதி வந்தால் மாதிரி எடுக்க வரும் அதிகாரி உரிமத்தில் இருக்கும் பெயரைத்தான் தேடுவார். வாடகையிலும் கவனம்: தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, உள்வாடகைக்கு விட உரிமையாளரின் முன் சம்மதம் எழுத்தில் வேண்டும். புதுச்சேரியில் 1969-ம் ஆண்டுச் சட்டம். அங்கே எழுத்துச் சம்மதம் இல்லாத உள்வாடகை, காலி செய்யச் சொல்லும் காரணமாகவே இருக்கிறது.

கூடவே நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம். வரி குறைவு என்று நினைத்துக் கடையைக் கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் முள்ளோடைக்கோ கன்னியக்கோயிலுக்கோ நகர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. விகிதம் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. எல்லையைத் தாண்டினால் புதுப் பதிவு. பிரான்சைஸ் ஒப்பந்தத்தில் கடை முகவரி எழுதியிருப்பதால், ஆள் மாறாவிட்டாலும் இடம் மாறியதே மீறலாகிவிடும்.

கேள்வி: என் மகனைப் பங்குதாரராகச் சேர்த்தேன். இதுவும் கை மாற்றமா?
– நெல்லிக்குப்பம்

பதில்: ஒப்பந்தத்தில் ‘கட்டுப்பாட்டில் மாற்றம்’ என்ற ஷரத்தைப் பாருங்கள். மகன், மனைவி என்றாலும் முன் சம்மதம் வேண்டும் என்றே பலவற்றில் எழுதியிருப்பார்கள். டிரேட்மார்க் சட்டம் கொஞ்சம் தாராளம்: பதிவு செய்த பயனாளர் ஒருவர் கூட்டுச் சேர்ந்தால் அது உரிமை மாற்றம் ஆகாது; ஆனால் அவர் அந்த நிறுவனத்தில் இருக்கும்வரைதான் பெயரைப் பயன்படுத்தலாம். நீங்கள் விலகி மகன் மட்டும் நடத்தும் நாளில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால், பங்கு கை மாறுவதே தகராறாகலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த குஜராத் பாட்டிலிங் – கோகோ கோலா வழக்கின் பின்னணியே அதுதான்.

கேள்வி: பிரான்சைஸ் எடுத்திருந்த அப்பா போன மாதம் தவறிவிட்டார். நான் நடத்தினால் அனுமதி இல்லாத மாற்றமா?
– பண்ருட்டி

பதில்: இறப்பை யாரும் மீறல் என்று சொல்ல மாட்டார்கள், தகவல் சொல்லாமல் நடத்துவதுதான் மீறலாகும். இறப்புச் சான்றிதழ் நகலோடு இந்த வாரமே கம்பெனிக்கு எழுதுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டு, அந்த ஒப்புகையையும் அனுப்புங்கள். உணவு உரிமம், அதன் காலம் முன்பே முடியாவிட்டால், இறந்த நாளிலிருந்து 90 நாள் குடும்பத்தாருக்காக உயிரோடு இருக்கும்; அதிகாரி காரணம் பதிந்து நீட்டிக்கலாம். அப்பா பெயரில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போடுவதை நிறுத்திவிட்டுப் புது எண் எடுங்கள்.

கேள்வி: பிரான்சைஸ் எடுக்கும்போது தொகை எழுதாத மூன்று செக் கொடுத்தேன். கடையைக் கை மாற்றியதற்கு 10 லட்சம் என்று நிரப்பி பேங்கில் போட்டுவிட்டார்கள். ஸ்டாப் பேமெண்ட் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாமா?
– வில்லியனூர்

பதில்: முடியாது; ஸ்டாப் பேமெண்ட்டும், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138-வது பிரிவுக்குள் வரும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் வாதம் இதுதான்: செக் போட்ட தேதியில் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்திருக்க வேண்டும், நஷ்டஈட்டுக் கோரிக்கை தீர்ப்பாகும்வரை கடன் ஆகாது. ராயல்டி பாக்கி, சரக்கு பாக்கி இருந்தால் அந்த அளவுக்கு அது உண்மையான கடன்தான். அதை 15 நாளுக்குள் கட்டி ரசீது வைத்துக்கொண்டு, மீதியை மறுத்து எழுதுங்கள். சும்மா இருப்பதுதான் மிகப் பெரிய தவறு.

கேள்வி: என் கூரியர் பிரான்சைஸை முறையாக விற்க நினைக்கிறேன். எந்த வரிசையில் செய்வது?
– நெய்வேலி

பதில்: முதலில் கேட்டுவிட்டுச் செய்கிறீர்கள், நல்லது. ஒப்பந்தத்தில் ‘முதலில் வாங்கும் உரிமை’ கம்பெனிக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விலை பேசியதும் அதே விலையை கம்பெனிக்கு எழுத்தில் சொல்லி, அவர்களுக்குரிய நாட்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வாங்குபவரிடம் டோக்கன் தொகை மட்டும், பத்தில் ஒரு பங்கு போதும். ‘கம்பெனி சம்மதம் எழுத்தில் வராவிட்டால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்’ என்ற வரி அந்த ரசீதிலேயே இருக்கட்டும். பிறகு விண்ணப்பம்: அவருடைய பான், ஆதார், வருமான வரி ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மெண்ட், தொழில் அனுபவம், கடை உரிமையாளரின் சம்மதக் கடிதம். கம்பெனி நேர்காணல் வைக்கும், மாற்றுக் கட்டணம் கேட்கும். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. யார் கட்டுவது என்பதை முன்பே பேசிவிடுங்கள், கடைசி நாள் சண்டை பெரும்பாலும் இதில்தான் வெடிக்கிறது.

ஏரியா மேனேஜர் வாட்ஸ்அப்பில் ‘ஓகே சார்’ என்று போட்டது சம்மதம் ஆகாது. யார் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்று ஒப்பந்தம் சொல்லும். அவர் கையெழுத்து வேண்டும். பதில் வராவிட்டாலும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சம்மதம் வந்ததும் நீங்கள், வாங்குபவர், கம்பெனி மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம். ஒப்பந்தச் சட்டம் 62-வது பிரிவின்படி பழையது போய்ப் புதியது வரும். அதில் நான்கு விஷயம் விடுபடக் கூடாது: இந்தத் தேதிக்குப் பிறகு உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்ற வாசகம், டெபாசிட் திரும்பும் தேதி, உங்கள் செக்குகள் எண்ணோடு திரும்பத் தரப்பட்டது, நீங்களோ மனைவியோ கொடுத்த தனிப்பட்ட உத்தரவாதம் ரத்து. கடையை விற்று இரண்டு வருடம் கழித்து, புதியவர் வைத்த பாக்கிக்குப் பழையவர் வீட்டுக்கு நோட்டீஸ் வருவது இந்த நான்காவது விடுபடுவதால்தான்.

ஒப்படைக்கும் நாளில் கையிருப்புப் பார்சல், சி.ஓ.டி. பணம் (பார்சல் கொடுக்கும்போது வாங்கியது), ஸ்கேனர், முத்திரைகள் எல்லாவற்றையும் எண்ணி மூவர் கையெழுத்தோடு பட்டியல் போடுங்கள். வழியில் இருக்கும் பார்சல் காணாமல் போனால் யார் பொறுப்பு என்பது அந்தப் பட்டியலில் உள்ள நேரத்தை வைத்துத்தான் முடிவாகும்.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்த பிறகும் மூன்று வருடம் அதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறது. செல்லுமா? தகராறு வந்தால் தீர்த்துவைக்கும் நடுவரையும் கம்பெனியே நியமிக்குமாம்.
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை அந்தத் தடை செல்லும். முடிந்த பிறகு, ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின் கீழ் செல்லாது. ஆனால் கம்பெனியின் பெயர், நிறம், செய்முறைக் குறிப்பு, வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போனால் அது வேறு வழக்கு. தனி நடுவரை ஒரு தரப்பு மட்டும் நியமிக்க முடியாது என்று 2019-ல் பெர்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; நோட்டீஸ் வந்ததும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, பொது நடுவர் ஒருவரின் பெயரை முன்மொழியுங்கள். விசாரணையில் கலந்துகொண்டால் ஆட்சேபத்தைப் பதிந்துவிட்டே கலந்துகொள்ளுங்கள்.